மேஸ்திரியின் ஞானப்பிள்ளைகள்

பள்ளிபாளையம்
4-2-1958

அன்புள்ள வீட்டுக்காரருக்கு தெரசம்மாள் ஸ்தோத்திரம்.

நானும் வயிற்றுப் பிள்ளையும் சர்வேசுரன் புண்ணியத்தில் நலம். மில் தொழிலாளர் சங்கச் செயலாளர் நலமா என்று ஊரில் உங்களைக் கேட்கிறார்கள். சேலத்தில் மின்விசிறிக்குக் கீழே இருப்பவருக்கு என்ன குறை என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் அச்சடித்து அனுப்பிய நோட்டீஸ் வந்தது. நல்ல தாள் என்று பொரிகடலைக்காரர் வாங்கிக்கொண்டார். கைப்பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போனதற்காக மில்லை விட்டு நிறுத்தப்பட்ட வேளாங்கண்ணியின் பெயர் அதில் எங்குமே இல்லை. கேட் கூட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை. கேட்டில் நின்றவர் அவளை நிறுத்திய அதே மேஸ்திரி மிக்கேல். கோயில் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானத்தில் பொறுப்பேற்று நின்ற ஞானத்தகப்பன் அவர்தான். அவர் முகத்துக்கு நேரே 'ஒழிக' என்று எந்தத் தாய் சொல்வாள்? இதுகூடத் தெரியாமல் ஒரு தலைவர்!

நான் வீடு வீடாகப் போகப் போகிறேன்.

தெரசம்மாள்


சேலம்
9-2-1958

பிரியமுள்ள தெரசாவுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதத்தைத் தோழர்களிடம் காட்டவில்லை, சிரிப்பார்கள். போராட்டம் என்பது கொள்கை, அமைப்பு, தீர்மானம். அடுப்பங்கரைப் பேச்சாலும் ஞானஸ்நான உறவாலும் உலகத்தில் எந்த ஆலையும் நின்றதில்லை. நிறைமாதக்காரி வீட்டில் கிட. நான் வந்து பேசினால் கூட்டம் தானாகத் திரளும்.

வெள்ளை ஜிப்பாவைக் கஞ்சி போட்டு அனுப்பு. மாநாட்டுக்கு வேண்டும்.

பாக்கியநாதன்


பள்ளிபாளையம்
26-2-1958

அன்புள்ள செயலாளருக்கு,

ஜிப்பாவுக்குக் கஞ்சி போட நேரமில்லை. மில் நின்றுவிட்டது.

வேளாங்கண்ணியும் நானும் ஏறாத படியில்லை. "உங்க புள்ளைக்கு ஞானத்தகப்பனா நின்னவரு, இவ புள்ளைக்குப் பால் குடுத்தான்னு வேலைய விட்டு நிறுத்தறாருங்க, இது நாயமா?" என்று மட்டும் கேட்டேன். பாய் தெருவுக்கு நான் போகவே வேண்டியிருக்கவில்லை. "நானும் பெத்தவதான், எங்க சனத்த நான் கூட்டியாரேன்" என்றாள் அமீனா பீவி.

போன வாரம் திங்கட்கிழமை காலையில், ஞானஸ்நானத்தன்று மேஸ்திரி எடுத்துக் கொடுத்த பிள்ளைத்துணிகளைக் கோயில் தெருப் பெண்கள் எல்லாரும் துவைத்து மடித்துக் கொண்டுபோய் அவர் வாசலில் வைத்தார்கள். அங்கிருந்து நேரே கேட்டுக்கு வந்து வெளியே நின்றுவிட்டார்கள். மனிதர் ஓடிவந்து, ஒவ்வொருத்தியையும் பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒருத்தியும் திரும்பவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. ஆம்பளைகள் அதற்குப் பிறகு சாவகாசமாக வந்து சேர்ந்தார்கள், உங்கள் கொள்கையைப் பேசிக்கொண்டு.

முந்தாநாள் ஆண்பிள்ளை பிறந்தான். மூக்கு உங்களுடையது, அவன் தலையெழுத்து. வேளாங்கண்ணி ஞானத்தாயாக நிற்பாள். வந்து பார்த்துவிட்டுப் போங்கள். எனக்கும் உங்களைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

தெரசம்மாள்


சேலம்
3-3-1958

பிரியமுள்ள தெரசாவுக்கு,

மகன் பிறந்ததில் மட்டற்ற மகிழ்ச்சி. முதலாளி என்னை அழைத்துப் பேசினார். மேஸ்திரி மிக்கேலும் வந்திருந்தார். பழகினால் தங்கமான மனிதர். நம் பிள்ளைக்குத் தாமே ஞானத்தகப்பனாக நிற்கிறேன் என்றார், சம்மதித்தேன். பகை தீர இதைவிட நல்ல வழி ஏது? வேளாங்கண்ணி விஷயத்தைப் பிறகு கவனிப்பதாகச் சொல்கிறார்கள். மில் ஆபீசில் எனக்கு ஒரு வேலையும் பேசியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவரோடு வருகிறேன். வீட்டைச் சுத்தமாக வை.

பாக்கியநாதன்


பள்ளிபாளையம்
6-3-1958

பாக்கியநாதன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்கு முன்னாலேயே மேஸ்திரி வந்துவிட்டார். கேட்டில் நின்று, "உங்க தலைவரு ஊட்டுப் புள்ளைக்கே நாந்தான் ஞானத்தகப்பன். நீங்க யாருக்காக வெயில்ல நிக்கறீங்க?" என்றார். மத்தியானத்துக்குள் பாதிப் பேர் உள்ளே போய்விட்டார்கள். போனவர்களை நான் குறை சொல்லவில்லை. வேளாங்கண்ணி என் கட்டிலோரம் உட்கார்ந்து பிள்ளையைத் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். நான்தான் வெட்கம் தாங்காமல் அழுதேன்.

இத்தனை நாளும் உங்களை விவரமில்லாதவர் என்று ஏளனம் செய்தேன். அப்படியே இருந்திருந்தால் தேவலை. இந்த ஊர் எந்தக் கயிற்றில் நிற்கிறது என்று நான்தான் உங்களுக்கு எழுதினேன். எழுதியதைப் படித்துவிட்டு அதையே அறுத்தீர்கள். கட்டுக் கட்டாக நோட்டீஸ் போட்டும் ஒருவரைச் சேர்க்க முடியாதவர், ஒரு தலையாட்டலில் இத்தனை பேரைக் கலைத்துவிட்டீர்கள். கெட்டிக்காரர்தான்.

பிள்ளைக்கு இன்று காலை ஞானஸ்நானம் ஆயிற்று. வேளாங்கண்ணி ஏந்தினாள். ஞானத்தகப்பன் யாரும் வேண்டாம் என்றேன், சாமியார் ஒத்துக்கொண்டார். மிச்சமிருக்கும் பெண்கள் கோயிலிலிருந்து நேரே கேட்டுக்குப் போயிருக்கிறார்கள். உடம்பு தேறியதும் நானும் போவேன்.

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியோடு வர வேண்டாம். தனியாகவும் வர வேண்டாம்.

தெரசம்மாள்