கோட்டையில் கேட்ட பதில்

24-3-1946, ஞாயிறு. பெரம்பலூர்.

இன்று பிள்ளைகளை ரஞ்சன்குடிக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வகுப்பில் இங்கிலீஷ் என்றால் வாயே திறப்பதில்லை, விளையாட்டிலாவது பேசட்டும் என்று கண்ணாமூச்சி வைத்தேன். நான் பேர் சொல்லி "வேர் ஆர் யூ?" என்பேன். ஒளிந்திருப்பவர் "ஐ ஆம் ஹியர்" என்று சொல்ல வேண்டும். உடனே நான் "கம் வித் மீ" என்பேன். அதற்குப் பிறகு அவர் என்னைவிட்டு நகரக் கூடாது.

உச்சி வெயிலில் தொண்டை கிழியக் கத்தினேன். முதல் குரலுக்கு ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. மூன்றாவது குரலுக்குத்தான் வாய் திறந்தார்கள்.

"உச்சி வேளையில பேய் ஒரு தடவைதான் கூப்பிடுமாம் சார். மூணாவது குரலுக்குத்தான் பேசணும்னு அம்மா சொல்லிச்சு" என்றான் மாரி. எனக்கு எரிச்சலாக வந்தது.

கடைசியாகக் கமலத்தைக் கூப்பிட்டேன். முதல் குரலுக்கே நிலவறைக்குள்ளிருந்து பதில் வந்தது. அத்தனை சுத்தமான உச்சரிப்பு! சந்தோஷத்தில் "கம் வித் மீ" என்று சத்தமாகவே சொன்னேன். யாரும் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, எதிர்ப்பக்க மதிலிலிருந்து கமலம் அழுதுகொண்டே இறங்கி வந்தாள்.

"என்னை மட்டும் ஏன் சார் ஒரு தடவையோட விட்டுட்டீங்க? மூணாவது குரலுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்."

மற்ற பிள்ளைகள் எல்லோரும் அப்போது என் பக்கத்தில்தான் நின்றிருந்தார்கள். எண்ணிப் பார்த்துவிட்டேன்.

விளையாட்டு நான் வைத்தது, விதியும் நான் போட்டது. வரச் சொல்ல வாக்கியம் வைத்தேன். போகச் சொல்ல ஒன்றும் வைக்கவில்லை.