என் பெயருக்கு நேரே இடாத புள்ளடி

பிள்ளையார் துணை

இக்காஸ்ட், டென்மார்க்,
01.12.2024

அன்பு மகள் துஷாராவுக்கு,

சித்தப்பா எழுதிக்கொள்வது. முழங்காலை விட்டால் எனக்கும் சித்திக்கும் வேறொரு குறையுமில்லை. நீயும் அந்த ஹர்கெய்சா வெயிலில் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருக்கிறேன். இந்தக் கடிதம் தபாலில் வராமல் கையோடு வருவதற்குக் காரணம், இங்கே தபால் எடுக்கிற இடத்தில் இருந்த பிள்ளை கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு சோமாலிலாந்து என்று ஒரு நாடே இல்லை என்று சொன்னதுதான். இல்லாத நாட்டிலா என் மகள் இரண்டு வருடமாக வேலை செய்கிறாள் என்று நான் டேனிஷில் ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன், வரிசையில் நின்ற சனம் கைதட்டாத குறை. சித்தி மூன்று நிமிடம்தான் என்பாள், அவளுக்கு மணிக்கூடு பார்க்கத் தெரியாது. கடைசியில் என்னோடு தொழிற்சாலையில் நிற்கும் யூசுப், அவனும் உன் ஹர்கெய்சாக்காரன்தான், தன் தம்பி ஊருக்குப் போகிறான் என்று வாங்கிக்கொண்டான்.

நீ அனுப்பிய தேர்தல் படங்கள் பார்த்தேன். உலகத்தில் ஒருவரும் நாடு என்று ஒத்துக்கொள்ளாத இடத்தில் சனம் விடியவே வரிசையில் நின்று விரலில் மை பூசியதும், தோற்ற சனாதிபதி வென்றவரை வாழ்த்தியதும் எனக்குப் பெரிய அதிசயமில்லை. ஏனென்றால் போன ஞாயிறு நானும் ஒரு தேர்தல் நடத்தினேன். எங்கள் சங்கத்தின் கதை உனக்குத் தெரியும்தானே, பொங்கல் விழாவில் குத்துவிளக்கு யார் முதலில் ஏற்றுவது என்ற பிரச்சினையில் பெரிய சங்கத்தை விட்டுப் பிரிந்து வந்தோம், ஊரில் ஏற்கெனவே ஒரு தமிழ்ச் சங்கம் இருக்கிறது என்று கொமூன் நகரசபை எங்களை இன்னும் பதியவில்லை. நீ இருக்கும் நாட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சாதகம். பழைய பின்னல் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையை வாடகைக்கு எடுத்து அதைத் தலைநகரமாக வைத்திருக்கிறோம். தலைவர் நான். வருடாவருடம் ஒருவர் என் பெயரை முன்மொழிவார், நான் வேண்டாம், வேறு ஆளைப் பாருங்கள் என்று மூன்று முறை மறுப்பேன், பிறகு சபையின் அன்புக்காக ஏற்றுக்கொள்வேன். இந்த முறை நான் இரண்டாவது தரம் மறுத்துக்கொண்டிருக்கும்போதே, முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற ஞானேஸ்வரி, உனக்குச் சனிக்கிழமைப் பள்ளியில் ஆனா ஆவன்னா படிப்பித்தவ, எழும்பித் தான் போட்டியிடுவதாகவும் இரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்றும் சொல்லிவிட்டா. நானே சப்பாத்துப் பெட்டியில் துளை வெட்டிக் கொடுத்தேன். அப்படி ஒரு பெட்டி டென்மார்க் பாராளுமன்றத்திலும் இராது.

நாற்பத்தேழு வாக்கு. அவவுக்கு இருபத்துநாலு, எனக்கு இருபத்துமூன்று.

அன்று பின்னேரமே, சங்கத்தில் எப்போதும் என் பக்கம் நிற்கிற கிருஷாந்த் நாலு பேரோடு வீட்டுக்கு வந்துவிட்டான். சித்தி தேத்தண்ணி வைத்தாள். பதியாத சங்கத்தின் தேர்தல் எந்தச் சட்டத்திலும் நிற்காது, அறைக் கதவின் திறப்பு உங்கள் பொக்கற்றில் இருக்கிறது, சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த கிழமை வழமைபோலக் கையுயர்த்தி எடுப்போம் என்றான். மகள், உனக்கு நான் பொய் சொல்லமாட்டேன், அந்தக் கதை எனக்கு இனித்தது. மாட்டேன் என்று ஒருமுறைகூட நான் சொல்லவில்லை. பெட்டி குசினி மேசையில் இருந்தது.

திங்கட்கிழமை இடைவேளையில் யூசுப்பிடம் சொன்னேன், அவன் எனக்காக வழக்குப் பேசுவான் என்று நினைத்து. அவன் சிரித்தான். தன் நாட்டில் ஒருமுறை எண்பது வாக்கில் தோற்றவரும் சண்டைக்குப் போகாமல் விட்டார் என்றான். பிறகு சொன்ன ஒன்றை அப்படியே எழுதுகிறேன்: "எங்களை ஒருத்தரும் ஏற்கேல்லை. எங்கட பெட்டியை நாங்களே ஏற்காட்டி எங்களிட்ட வேறென்ன கிடக்கு, அண்ணை?" டேனிஷில்தான் சொன்னான், அண்ணை மட்டும் நான் பழக்கியது.

வேலை முடிந்து நேரே ஞானேஸ்வரி வீட்டுக்குப் போய்த் திறப்பைக் கொடுத்தேன். வாங்கிய கையோடு, "அப்ப பொங்கலுக்குக் கதிரை அடுக்கிறது உங்கட பொறுப்பு" என்றா. ஓம் என்றேன். ஒரு முறையும் மறுக்கவில்லை.

இனி எழுதப்போவது உனக்கு மட்டும். சீட்டில் என் பெயரைக் கண்டதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. தனக்குத் தானே புள்ளடி போடுகிற பழக்கம் எங்கள் சபைகளில் இல்லையே. அவவும் மரியாதைக்கு எனக்குப் போடுவா என்று நினைத்து ஞானேஸ்வரிக்கே போட்டுவிட்டேன். அவ தனக்குத்தான் போட்டாவாம், சித்தியிடம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறா. கணக்குப் பார்த்தால் என்னைத் தோற்கடித்தது நான்தான். கிருஷாந்துக்கு இது தெரிந்தால் மறுபடி பெட்டியைத் தூக்குவான், ஆகவே வாய் திறவாதே. முதல் நாள் கொஞ்சம் நெஞ்சு எரிந்தது, இப்போது நல்ல நித்திரை வருகிறது.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. ஞாயிறு சித்திக்கு அழைக்க மறவாதே. எல்லா நலமும் உன்னோடு நிற்கட்டும்.

இப்படிக்கு, இக்காஸ்டில் முறைப்படி தேர்தல் வைத்து முறைப்படி தோற்ற முதலாவது தமிழன்,
உன் சித்தப்பா