ஐந்தாவது மெஷின்

ஆம்பூர்

அன்புள்ள ஷைனி அப்பாவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும், கண்டுகொள்ள வேண்டாம்.

ஷூ கம்பெனியை விட்டு, வீட்டில் ஐந்து மெஷின் போட்டு, ஷூவின் மேல்தோலைத் தைக்கும் காண்ட்ராக்ட் எடுத்தேனே, அதற்கு இன்சூரன்ஸ் போட்டாயிற்று. தீ விபத்துக்கா, ஆட்களுக்கா என்று ஏஜெண்ட் கேட்டார். இரண்டுக்கும் வசதியில்லை. ஆட்களுக்கே போட்டேன். ஊசி முன்னால் இருக்கும் காப்புக் கம்பியைக் கழற்றினால் பாலிசி செல்லாதாம். வேகத்துக்காக எல்லோரும் கழற்றுவதுதானே!

வேலைக்கு வரும் நாலு பேர் மெஷினிலும் கம்பியைத் திரும்ப மாட்டிவிட்டேன்.

"கம்பி மறைக்குது, தையலே தெரியலக்கா, பேஜாரா இருக்குது" என்கிறார்கள். வேலை பாதிதான் நடக்கிறது. மீதியை நானே தைக்கிறேன், கம்பி இல்லாமல். முதலாளிக்கு அந்தப் பாலிசி பொருந்தாதாம்.

கட்டுப் போட்ட விரலோடு இதற்கு மேல் எழுத முடியவில்லை. இனிமேல் போனில் ‘முதலாளியம்மா’ என்று கூப்பிடாதீர்கள்.

உங்கள் மனைவி