ஏலத்தில் போன முதுகுப்பை

என் அருமை எஸ்தர் அண்ணிக்கு,

சத்தியவேட்டிலிருந்து உங்கள் கிருபா எழுதுகிறேன். நலமா என்று கேட்க முடியாத இடத்தில் இருக்கிறீர்கள். அதனால் நீங்கள் வழக்கமாக முதலில் கேட்கிற கேள்விக்கே வந்துவிடுகிறேன். ஷூ இப்போது கடிப்பதில்லை. இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொண்டு நடக்கச் சொன்னீர்களே, அதுதான் சரியாக வந்தது.

ஊரில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் எப்போது கல்யாணம் என்று கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், என் கால் என்ன சைஸ் என்று கேட்ட ஒரே ஆள் நீங்கள்தான். சித்தூரில் உங்கள் ஜெராக்ஸ் கடை. ஆதார் நகலுக்கு நாலைந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களை அப்படியே நிற்க வைத்துவிட்டு, செல்போனில் எனக்கு ஒரு பனிமலையைக் காட்டினீர்கள். கேதார்கண்டா. பன்னிரண்டாயிரம் அடிக்கு மேலே ஒரு உச்சி. ஐந்து நாள் நடை, முதுகில் மூட்டை, படுக்கக் கூடாரம். "போலாமா கிருபா?" என்றீர்கள். நானும் ஏதோ புத்தூருக்குப் போய்வருகிற மாதிரி சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு நீங்கள் அடித்த கூத்தை என்னவென்று சொல்வது. உங்கள் கடைக்குள் நுழைந்த எந்தத் தாளும் லேமினேஷன் ஆகாமல் வெளியே போனதில்லை. மலைக்கு எடுத்துப் போக வேண்டிய சாமான் பட்டியலும் தப்பவில்லை. பாதி தமிழ், பாதி தெலுங்கு, நடுநடுவே ஆங்கிலம் என்று முப்பத்தாறு வரி. ஏதாவது மறந்துபோனால் அதில் சேர்க்க இடமில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அதற்காக இரண்டாவது பட்டியல் ஒன்று அடித்து, அதையும் லேமினேஷன் போட்டீர்கள்.

சுமையைப் பிரித்ததும் நீங்கள்தான். கூடாரத்தின் துணியும் அடுப்பும் உங்கள் பையில். கூடாரக் கம்பிகள், முளைகள், பாத்திரம் என் பையில். ஒருத்தி வராமல் ஏமாற்றினால் இன்னொருத்திக்குக் கூடாரமே கிடையாது, அதனால் இரண்டு பேரும் வந்துதான் ஆக வேண்டும் என்றீர்கள். நான் சிரித்தேன். அந்தக் கம்பிகள் இன்னும் என் அறையில் கதவுக்குப் பின்னால்தான் நிற்கின்றன, அண்ணி.

கார்வேட்டிநகரத்துப் பக்கம் இருக்கும் அந்தக் குன்று நினைவிருக்கிறதா? நான் ஃபாக்டரி லீவு நாளில் புத்தூர் வந்து பஸ் மாறி வருவேன். நீங்கள் சித்தூரிலிருந்து வருவீர்கள். பனிமலைக்குப் பழக வேண்டுமென்று என் பையில் பத்து கிலோ அரிசி, உங்கள் பையில் பன்னிரண்டு. ஆடு மேய்க்கும் ஒரு அம்மா நம்மை நிறுத்தி, எந்தக் கல்யாண வீட்டுக்கு அரிசி தூக்கிப் போகிறீர்கள் என்று தெலுங்கில் கேட்டாள். நீங்கள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், மேலேதான் கல்யாணம், நீயும் வா என்று கூப்பிட்டீர்கள். அவள் உண்மையாகவே கொஞ்ச தூரம் வந்தாள்.

அண்ணன் நம்மைப் பண்ணிய கேலி கொஞ்சமா? இருபது வருஷமாகச் சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவில் பஸ் ஓட்டுகிற மனுஷன். தெருமுனைக் கடைக்குப் போகவும் வண்டி எடுப்பார். கியர் இல்லாமல் மேட்டில் ஏறுவது தனக்குத் தெரியாது என்பார். கூடவே, இரண்டு பேர் கூடாரத்தில் தனக்கு ஏது இடம் என்று பொய்யாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். நாம் என்ன சொன்னாலும் கடைசியில், சரி விடு என்கிற மாதிரி, தெலுங்கில் ஒரு 'சர்லே'. அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அப்புறம் அந்த அறுப்பின் பண்டிகை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆராதனை முடிந்ததும் நேராகக் குன்றுக்குப் போய்விடலாம் என்று பையைக் கோயிலுக்கே தூக்கி வந்தீர்கள். சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த வாழைத்தார், தேங்காய், கோழி, மாங்காய் ஊறுகாய் எல்லாம் வைத்திருந்த பக்கவாசலில், அந்தப் பையையும் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வந்து பாட்டுப் பாட உட்கார்ந்துவிட்டீர்கள். மேலே எடைக்குப் போட்ட பரங்கிக்காய் ஒன்று வேறு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. யாராக இருந்தாலும் காணிக்கை என்றுதானே நினைப்பார்கள்?

ஆராதனைக்குப் பிறகு காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டபோது அதைத் தூக்கிக் காட்டிய சபைப் பெரியவர், உள்ளே அரிசி இருக்கிறது, இன்னும் என்னவெல்லாம் இருக்கிறதோ கர்த்தருக்குத்தான் தெரியும் என்று ஆசை காட்டினார். விலை ஏறிக்கொண்டே போனது. ஆண்டவருக்கு என்று வந்துவிட்ட பொருளை, என்னுடையது என்று எழுந்து கேட்கவும் முடியாமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். விட்டுக்கொடுக்காமல் கேட்டுக் கடைசியில் ஏலம் எடுத்தது யார்? நம் அண்ணன். தன் வீட்டு அரிசியைத் தானே போட்டி போட்டு வாங்கிய மனுஷன் இந்த ஜில்லாவில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். தெரிந்து எடுத்தாரா, தெரியாமல் எடுத்தாரா என்று கடைசிவரை சொல்லவே இல்லை. அதற்குப் பிறகு நீங்கள் பையைத் தூக்கும்போதெல்லாம், "ஏலத்துல எடுத்த பை. என்னுது. ஜாக்கிரதையா தூக்கிக்கினு போ" என்பார்.

எவ்வளவு சிரித்தோம் அண்ணி. அந்தச் சிரிப்பெல்லாம் எங்கே போனது?

அடுத்த மழைக்காலத்தில் உங்களுக்கு உடம்பு சுட்டது. முதுகு வலிக்கிறது, கால் வலிக்கிறது என்று போனில் சொன்னீர்கள். போன வாரம் ஒரு கிலோ கூடுதலாகத் தூக்கினீர்களே, அந்த வலியாக இருக்கும், இரண்டு நாள் படுத்தால் சரியாகிவிடும் என்று நான் சொன்னேன். நான்தான் சொன்னேன். மூன்றாம் நாள் டெங்கு என்றார்கள். வேலூருக்குக் கொண்டுபோனோம். ஒன்பதாம் நாள் உங்களைத் திரும்பக் கொண்டுவந்தோம்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் அண்ணன் என்னைப் பார்த்து ஒன்று சொன்னார். "மல மலன்னு சொல்லிக்கினே அவள கொண்டுக்கினு போயிட்ட." பக்கத்தில் இருந்தவர்கள் அவரை அணைத்துக் கூட்டிப்போனார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு இந்த ஒரு வருஷத்தில் கிறிஸ்துமஸுக்கு ஒரு தரம், ஈஸ்டருக்கு ஒரு தரம், துண்டுதுண்டாக நாலு வார்த்தை பேசியிருப்போம்.

போன வாரம் மலையடிவாரத்திலிருந்து, அப்போது நீங்கள் பேசி வைத்திருந்த வழிகாட்டிப் பையன் செய்தி அனுப்பினான். இந்த டிசம்பரில் வருகிறீர்களா, எத்தனை பேர், ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தான். அவனுக்கு எதுவும் தெரியாது. அழித்துவிடலாம் என்றுதான் போனைக் கையில் எடுத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் ஷூ மாட்டிக்கொண்டு தெருவில் நடந்துகொண்டிருக்கிறேன். நீங்கள் இல்லாத மலை எனக்கு எதற்கு என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. போக வேண்டும் என்று கால் வேறு துடிக்கிறது. அப்படித் துடிப்பதே உங்களுக்குச் செய்கிற துரோகமோ என்று வெட்கமாகவும் இருந்தது. எதையும் யாரிடமும் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை சித்தூரில் உங்கள் முதல் வருஷ நினைவு ஜெபம். ஜெபத்துக்குத்தான் போனேன். ஆனால் உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? அண்ணனிடம் கூடாரத் துணியைக் கேட்க வேண்டும் என்றும் மனதில் வைத்துக்கொண்டுதான் போனேன். கேட்டால் என்ன சொல்வாரோ என்று பஸ்ஸில் உட்கார்ந்திருந்த அத்தனை நேரமும் அந்தக் கேள்வியை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். சபை ஐயர் ஜெபம் செய்தார். கீரனூர் மாமி உங்கள் பிரியாணியைப் பற்றிப் பேசி அழுதார். எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்ப மத்தியானம் மூன்று மணி ஆகிவிட்டது.

பாய்களை உள்ளே கொண்டுபோய் வைக்கும்போது கட்டிலுக்கு அடியில் உங்கள் பையைப் பார்த்தேன். வெறும் பை என்று நினைத்து ஒரு கையால் இழுத்தேன். வரவில்லை. திறந்தால் அரிசி. வருஷம் ஆகியும் ஒரு வண்டு இல்லை. யாரோ வெயிலில் காயவைத்து, புடைத்து, திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம்தான் தோள்பட்டையைக் கவனித்தேன். நீங்கள் ஐந்தடி கூட இல்லை. பட்டையை முழுக்க இழுத்துச் சுருக்கி, மிச்சத்தை ரப்பர் பேண்ட் போட்டுச் சுற்றி வைத்திருப்பீர்கள். அந்த ரப்பர் பேண்ட் இல்லை. பட்டை கடைசிவரை தளர்த்தி விடப்பட்டிருந்தது. பையின் அடியில் செம்மண். காய்ந்த மண்ணுக்கு மேலே ஈரம் இன்னும் போகாத மண். உங்கள் பையை வேறு யாரோ முதுகில் மாட்டிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

திரும்பிப் பார்த்தால் அண்ணன் நிலையில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். திருட்டுத்தனமாகச் சர்க்கரை எடுத்துத் தின்று மாட்டிக்கொண்டவர் மாதிரி முகம்.

"டூட்டி இல்லாத நாள்ல வீட்டுல குந்திக்கினு இருக்க முடியல," என்றார். "அவ மூட்டைய தூக்கிக்கினு நடந்தா கொஞ்சம் பரவால்ல. முதல்ல தெரு வரைக்கும் போனேன். இப்ப கார்வேட்டிநகரம் குன்னுல மேல வரைக்கும் போறேன்."

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அன்றைக்கு ஜுரத்தை நடைவலி என்று சொன்னது நான்தான் என்று அவரிடம் முதல் தடவையாகச் சொன்னேன். அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"எங்கிட்டயும்தான் முதுகு வலின்னு சொன்னா. நான் தைலம் தேச்சு வுட்டுட்டு டூட்டிக்குப் போயிட்டேன்," என்றார். "கொசு கடிச்சதுக்கு மல இன்னா பண்ணும், நீ இன்னா பண்ணுவ? எனக்கு யார் மேலயாவது கோவப்படணும்னு இருந்துச்சு. நீ கிட்ட இருந்த."

ஒரு வருஷம் சுமந்த சுமை, அண்ணி. உங்கள் பன்னிரண்டு கிலோவெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மலையைப் பற்றிச் சொன்னேன். டிசம்பரில் போகலாம் என்றிருக்கிறேன், கம்பிகள் என்னிடம் இருக்கின்றன, துணி மட்டும் வேண்டும் என்று கேட்டேன். அவர் அரிசிப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். அடியில் துணி, நீங்கள் மடித்து வைத்த மடிப்பு கலையாமல் இருந்தது. கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு, அரிசியைத் திரும்ப அதன்மேல் அடுக்கிப் பையின் வாயைக் கட்டினார்.

"ஏலத்துல எடுத்த பை," என்றார். "நாந்தான் தூக்கணும்."

அவரும் வரப்போகிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் கூடாரத்தில் தனக்கு இடமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அதைப் பற்றி மட்டும் ஒன்றும் பேசவில்லை.

ஞாயிறு காலை, கோயிலுக்குப் போகும் முன்பே வழிகாட்டிப் பையனுக்குப் பதில் அனுப்பிவிட்டேன். இரண்டு பேர். திருப்பதியிலிருந்து டெல்லிக்கு ரயில், அங்கிருந்து டேராடூன், பிறகு மலைப்பாதையில் ஒரு முழு நாள் பயணம். அந்த மலைப்பாதையில் வேறொருவர் வண்டி ஓட்டுவதை அண்ணன் வாயை மூடிக்கொண்டு பார்ப்பாரா என்பதுதான் இப்போது என் கவலையெல்லாம். உங்கள் ஸ்வெட்டர் அவருக்குப் பத்தாது. உங்கள் குல்லாய் மட்டும் சரியாக இருக்கிறது. போட்டுக் காட்டினார், பார்க்கச் சகிக்கவில்லை.

உங்கள் பட்டியலை வைத்துத்தான் சாமான் எடுத்து வைக்கிறேன். உச்சியில் உங்கள் பொருள் ஏதாவது ஒன்றை வைத்துவிட்டு வரலாமா என்று அண்ணன் கேட்டார். பட்டியலின் முப்பத்தாறாவது வரியைக் காட்டினேன். குப்பை போடுவதைப் பற்றி நீங்கள் எழுதியதுதான்: கொண்டுபோனது எல்லாம் திரும்பி வர வேண்டும். அவர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, 'சர்லே' என்றார்.

அந்த வரியின்மேல் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன், அண்ணி. உச்சி கிடைக்கிறதோ இல்லையோ, பனி அதிகமென்றால் பாதியிலேயே திரும்புவோம். ஆனால் கூடாரம், அடுப்பு, லேமினேஷன் போட்ட இரண்டு பட்டியல், உங்கள் குல்லாய் எல்லாம் ஒன்று விடாமல் சித்தூருக்குத் திரும்பி வரும். அந்தக் குல்லாய்க்குள் இருக்கிற உங்கள் மனுஷனையும் பத்திரமாகக் கொண்டுவந்து வீட்டில் சேர்ப்பேன்.

கம்பிகளைத் தூக்கிக்கொண்டு உங்களோடு வரவேண்டியிருந்த,
உங்கள் நாத்தனார்
கிருபா