கொதிக்க வைக்காத இலைச்சாறு

என் அன்புக்கும் வயிற்றெரிச்சலுக்கும் உரிய அக்கா,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நகரி வீட்டில் உன் படத்துக்கு நைனா தினமும் பூ வைக்கிறார். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "பெரியவ இருந்தா இந்நேரம் பிஎச்.டி. முடிச்சிருப்பா. நீ இன்னும் திருப்பதி லேபுக்கு பஸ்ல போய்க்கினே கீற" என்கிறார். செத்த பிறகும் என்னை முந்திக்கொண்டு போக உனக்கு எப்படி முடிகிறது?

சொல்ல வந்தது வேறு. நம் மாவிலைச் சோதனை பலித்துவிட்டது. பங்காருபாளையத்திலிருந்து இரண்டு பேரும் மடியில் வைத்துக் கொண்டுவந்தோமே, அதே மாங்கன்றுகள்தான்.

வேறு யாராவது இதை எடுத்துப் படித்தால் புரியட்டும் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரை இலை ஒரு புரதத்தால் அறிகிறது. கதிர் படாதவரை அது இரண்டிரண்டாக ஒட்டிக் கிடக்கும். பட்டதும் ஒட்டு விட்டுத் தனித்தனியாகும். உட்கருவில் சேர்ந்து, வெயிலைத் தாங்கும் பொருள்களைச் செய்கிற மரபணுக்களை எழுப்பிவிடும். ஒளியை உணரும் மற்ற புரதங்கள் பெரும்பாலும் ஒரு நிறமியைத் துணைக்கு வைத்துக்கொள்ளும். இதற்குத் துணை வேண்டாம். தன் உடம்பிலேயே இருக்கும் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் போதும். உன்னைப் போலத்தான். துணை தேடுகிறவள் எப்போதும் நான்.

நான்கு மாதம் நான் பட்ட பாடு நினைவிருக்கிறதா? கதிர் பட்ட இலை, படாத இலை, எதன் சாற்றை, பெரிய புரதத்தை மேலேயும் சிறியதைக் கீழேயும் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டினாலும் கோடு ஒரே இடத்தில்தான் வந்தது. நீ என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாய்.

"இன்னாடீ, சாம்பிளைக் கொதிக்க வெச்சிக்கினு கீற?"

"எல்லாரும் அப்படித்தான பண்றாங்க? முதல் வருஷத்துலேர்ந்து அதான சொல்லிக் குடுத்தாங்க?"

"சூட்டுலயே ரெண்டும் பிரிஞ்சிட்டா, வெளிச்சத்துல பிரிஞ்சிச்சான்னு எப்படிடீ தெரியும்?"

சொல்லிவிட்டு நீ பாட்டுக்கு டீ குடிக்கப் போய்விட்டாய். எனக்கு எப்படி எரிந்தது தெரியுமா? உன் மேல் இருந்த கோபத்தில் இன்னும் ஒரு வாரம் வேண்டுமென்றே கொதிக்க வைத்தேன். அந்த வாரக் கடைசியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. அப்புறம் நீ லேபுக்கு வரவே இல்லை.

போன வாரம்தான் கொதிக்க வைக்காமல் ஓட்டினேன். கதிர் படாத இலையில் ஒட்டிய ஜோடி மேலே ஒரு கோடாக, பட்ட இலையில் பிரிந்தது கீழே ஒரு கோடாக. பளிச்சென்று. முதலில் அழுதேன். பிறகு, இது எனக்குத் தோன்றியிருக்கக் கூடாதா என்று பொருமினேன்.

கைடு மேடம் பார்த்துவிட்டு, "ஐடியா எவரிதம்மா?" என்று கேட்டார்.

"நாதே, மேடம்."

என்னுடையதுதான் என்று தெலுங்கில் அவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிட்டது. அவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். நைனாவிடமும் போனில் அதையே சொன்னேன். "சின்னவளே, உனக்கும் மூள கீதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். இந்த ஒரு வார்த்தைக்காக இருபத்தாறு வருடம் காத்திருந்தேன், அக்கா. கடைசியில் அதுவும் உன்னுடையதாகப் போய்விட்டதே.

ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது. இன்னும் அனுப்பவில்லை. நீ சொன்னது வேறு யார் காதிலும் விழவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

திங்கட்கிழமை மேடத்திடம் சொல்லிவிடுகிறேன். உன் பெயர் முன்னால் வரும். அன்று சாயங்காலம் நைனாவிடம் சொல்வேன். அவர் கொடுத்த வார்த்தையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, அது உன்னிடம் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வயிறு எரியத்தான் எரியும். இருந்தாலும் சொல்வேன், சத்தியம்.

இரண்டாவது பெயராக வரப்போகும்
உன் தங்கை