தாடியோடு வாருங்கள்

வகாசா கடற்கரை,
பனிக்காலம்.

அன்புள்ள இவாகிச்சி அண்ணனுக்கு,

தமேசோவின் மனைவி ஹருயே வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மலையில் இடுப்பளவு பனி கிடந்ததாக மீன்வண்டிக்காரர் சொன்னார். சுரங்கத்துக்குள் குளிரே தெரியாது என்று நீங்கள் பீற்றிக்கொள்வீர்கள். இருந்தாலும் மார்பைப் போர்த்திக்கொண்டு தீட்டுக்கல் வெட்டப் போங்கள். நீங்கள் அனுப்பிய ஊதுவத்திக் கட்டு வந்து சேர்ந்தது. பாதை மூடிக் கிடந்ததால்தான் எங்கள் மகன் ரியோசுகேயை வழியனுப்ப உங்களால் வர முடியவில்லை என்று தெரியும். அதை நினைத்து வருந்தாதீர்கள்.

உங்கள் நண்பர் பொதுக் குளியலுக்குப் போயிருக்கிறார். திரும்பி வருவதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும்.

பிள்ளை காய்ச்சலில் போனதை ஏற்கெனவே எழுதியிருந்தேன். அதற்குப் பின் நடந்ததை எழுதவில்லை. உடலைக் குளிப்பாட்டியதும் முகத்தை நானே மழிக்கிறேன் என்று இவர் உட்கார்ந்துவிட்டார். அவன் முகத்தில் மழிக்க என்ன இருந்தது, வெறும் பூனை மயிர். வேண்டாம் என்றேன். "இவனுக்கு மொத சவரம் நான்தான் பண்ணணும்னு இருந்தேன், என்னைத் தடுக்காத" என்றார். கை நடுங்காத மனிதர், உங்களுக்குத் தெரியும். உதட்டுக்குக் கீழே கத்தி பட்டுவிட்டது. தோல் பிரிந்தது. ரத்தம் வரவில்லை.

எப்படி வரும் அண்ணா?

இவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கத்தி சரியில்ல, அதான் புள்ளைக்குப் பட்டுடுச்சு" என்றார். தீயது எதுவும் அண்டாமலிருக்க அந்தக் கத்தியையே அவன் மார்பின் மேல் வைத்தோம். சுடுகாட்டுக்குப் புறப்படும்போது எடுத்து மடியில் செருகிக்கொண்டவர்தான், குளிக்கப் போகும் நேரம் தவிர இன்றுவரை கீழே வைக்கவில்லை.

சவரக் கடையைத் திறப்பதே இல்லை. விடிந்ததும் நீங்கள் வெட்டிக் கொடுத்த அந்த மஞ்சள் கல்லை எடுத்து, தண்ணீர் தெளித்து, சிறு கல்லால் தேய்த்துப் பால்போலக் கல்குழம்பு எழுப்பி, தீட்ட உட்கார்ந்துவிடுகிறார். மதியச் சோறு ஆறிப்போகும்வரை தீட்டுகிறார். தோல் வாரில் இழுத்து, முன்கையில் மயிரை வழித்துப் பார்த்து, "இன்னும் கூர் வரல" என்கிறார். அழுது தொலைத்தாலாவது தேவலை. மனிதர் அழவும் மாட்டேன் என்கிறார். தாடி மண்டிப்போய்விட்டது. மீன்காரி ஒகுமே வாசலில் நின்று, "ஊரு மூஞ்சியெல்லாம் வழிச்சவரு தன் மூஞ்சியக் காடா விட்டிருக்காரே, குருவி கூடு கட்டப் போவுதா?" என்று கேட்டாள். "கட்டுனா முட்டைய உனக்கே தர்றேன், போடி" என்று விரட்டிவிட்டேன். உள்ளே வந்துதான் அழுதேன்.

போன வாரம், கத்தி எதற்காக என்று கேட்டே விட்டேன். "நாப்பத்தொன்பதாம் நாள் வரட்டும். அதுக்குள்ள சரியாயிடும்" என்றார். அன்றுதான் அஸ்தியைக் கல்லறையில் வைக்கப் போகிறோம். பிள்ளை இந்தப் பக்கத்தை முழுக்க விட்டுப் போகும் நாள். அதற்கு எதற்குக் கத்தி? மறுநாள் காலை கண்ணாடி முன் நின்று கத்தியைத் தன் கழுத்தில் வைத்து, மழிக்காமலே எடுத்துவிட்டதைப் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்குவதில்லை.

கல்லை உடைத்துவிடலாமா என்று முதலில் நினைத்தேன். ஈரத்தோடு வெளியே வைத்தால் உறைபனியில் ஏடு ஏடாகப் பிளந்துவிடும் என்று நீங்கள்தானே எச்சரித்தீர்கள். வாசல்வரை எடுத்துப்போனேன். கல் இல்லாத காலையில் இவர் என்ன செய்வார் என்று தோன்றியது. கொண்டுவந்து துணியில் சுற்றி வைத்துவிட்டேன். அதன் பிறகு வேறு வழி பிடித்தேன். குளியலுக்குப் போகும்போது மட்டும் கத்தியை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போவார். அந்த நேரத்தில் அதை எடுத்து, சோயாச் சாற்றுப் புட்டியின் வாயில் ஒரு இழுப்பு இழுத்துக் கூர்மையை மழுக்கிவிடுவேன். காலையில் அவர் முதலிலிருந்து தொடங்குவார். தீட்டுகிறவரை மனிதர் இருப்பார் அல்லவா?

இன்றும் அப்படித்தான் கத்தியை எடுத்தேன். முதலில் என் தலைமயிர் ஒன்றைப் பிடித்து வைத்துப் பார்த்தேன். அறுபடவில்லை, வளைந்து நழுவியது. மதியம்தான் தீட்டி முடித்திருந்தார், நான் இன்னும் தொடவே இல்லை. அடுப்படிக்குப் போனால் அவருடைய தேநீர்க் கிண்ணம் கவிழ்ந்து கிடக்கிறது. அதன் சொரசொரப்பான அடி விளிம்பில் எஃகு உரசிய கருங்கோடு. ஒன்றல்ல, பல கோடுகள். பழையதும் புதியதுமாக.

அவரே மழுக்கியிருக்கிறார், அண்ணா. நான் மழுக்குவது போதாதென்று அவரும் மழுக்குகிறார். அந்தக் கத்தி சரியாகிவிடக் கூடாது என்று என்னைப்போலவே பயந்துகொண்டிருக்கிறார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவருக்கொருவர் தெரியாமல் இதைச் செய்துகொண்டிருக்கிறோம். இதை அவரிடம் எப்படிப் பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை. நாற்பத்தொன்பதாம் நாள் நெருங்கிவிட்டது.

நீங்கள் வாருங்கள். மலைப்பாதை திறந்துவிட்டதாம், மீன்வண்டியிலேயே ஏறி வந்துவிடலாம். வேறு எவர் கையாலும் சவரம் செய்துகொள்ள வேண்டாம், தாடியோடு வாருங்கள். "உன் மூஞ்சி மூஞ்சியாடா, காட்டுப்பன்றி முதுகுடா. ஒரு கன்னத்துக்கு ஒரு தடவை தீட்ட வேண்டியிருக்கு" என்று உங்களைத் திட்டிக்கொண்டே மழிப்பாரே, அந்தத் தாடி வேண்டும். கடை நாற்காலியில் போய் உட்காருங்கள். அந்தக் கத்தியால்தான் மழிக்க வேண்டும் என்று அடம்பிடியுங்கள். புதிய கல் எதுவும் கொண்டுவர வேண்டாம். உங்கள் முகம் போதும்.

இப்படியொரு நிலையில் இருப்பவர் கையில் உங்கள் கழுத்தைக் கொடுக்கச் சொல்கிறேன். கேட்கக் கூடாததைக் கேட்கிறேன் என்று தெரியாமல் இல்லை. உங்கள் மனைவி என்னைச் சபித்தாலும் தகும். கேட்க எனக்கு வேறு யாரும் இல்லை.

கத்தி படாமலேயே, "என் ரத்தத்தைக் குடிக்கவாடா கடை வெச்சிருக்க?" என்று தெருவே கேட்கக் கத்துவீர்களே. இந்த முறை எங்காவது பட்டுவிட்டால் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். உடனே துடைத்தும்விடாதீர்கள். அதைவிடச் சத்தமாகக் கத்துங்கள். ரத்தம் வருவதை அவர் பார்க்கட்டும்.

வாசல் மணிச் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டார். உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாயிருக்க வேண்டிக்கொண்டு,

உங்கள் வரவையே நம்பியிருக்கும்
ஹருயே