ஏழாவது எறும்பு

மார்ச் 3
பேனாக்கடைக்காரர் சரி என்றுவிட்டார்! இருபத்திரண்டாம் தேதிக்குள் என் கையால் ஒரு பேனா செய்து கொடுத்து, அது அவருக்குப் பிடித்துவிட்டால், தங்கச் சித்திரம் போட்ட ஜப்பான் பேனாக்களுக்குப் பக்கத்திலேயே கண்ணாடிப் பெட்டியில் வைப்பாராம். பிடிக்காவிட்டால்? பழையபடி பல் செட்டுக்கு மெருகு போட வேண்டியதுதான். பதினாறு வருஷமாக ஊரார் பல்லைத் தேய்த்தாயிற்று. இன்று கால் தரையில் நிற்கவில்லை. பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கினேன்.

மார்ச் 5
கறுப்பு மூடி. அதன்மேல் வரிசையாக ஏறும் ஏழு எறும்புகள். அரக்கால் வரைந்து, ஈரம் இருக்கும்போதே தங்கப் பொடி தூவ வேண்டும். இந்த ஜப்பான் அரக்குக்கு எல்லாமே தலைகீழ்: வெயிலில் காயாது, ஈரக் காற்றில்தான் காயும். அதனால் செருப்பு அலமாரியைக் காலி செய்து, நனைத்த துண்டு விரித்து, பேனாவைக் குடிவைத்தேன். செருப்பெல்லாம் வாசலில். ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற என் மாமனாருக்கு இது பொறுக்கவில்லை. எழுதுகிற சாமானுக்கு எதற்கு இத்தனை சோடனை என்று கேட்டார்.

மார்ச் 9
நாலு எறும்பு ஆயிற்று. பல் செட் பட்டறையில் யாருடையதோ கடைவாய்ப்பல்லுக்கு ஆறு கால் வரையப் போனேன். நல்ல வேளை.

மார்ச் 12
ஏழும் முடிந்தது! ஏழாவதுக்கு மீசைகூட வைத்தேன். அது மட்டும் இன்னும் ஈரம்.

மார்ச் 13
போச்சு. எல்லாம் போச்சு. ஏழாவது எறும்பு இருந்த இடத்தில் ஒரே தங்கத் தீற்றல். யாரு கை வெச்சது? என் வீட்டுக்காரரைக் கேட்டால் சத்தியமாக நான் இல்லை என்கிறார். மாமனார் பேப்பரை இறக்காமலே, அலமாரிப் பக்கமே தான் போகவில்லை என்றார். ஒன்பது நாள்தான் இருக்கு. நான் என்ன பண்ணுவேன்?

மார்ச் 15
காலையில் மாமனாரின் வலது கை விரல்கள் வீங்கியிருந்தன. மூக்கும் சிவப்பு. கொசுவாம்! காயாத அரக்கைத் தொட்டால் இரண்டு நாளில் இப்படித்தான் தடித்து அரிக்கும் என்று எனக்குத் தெரியாதா? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். களிம்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் மூக்கைச் சொறிந்தார்.

"பழக்கதோஷத்துல செருப்பைத் தேடினேம்மா. கண்ணாடி போடலை. உன் பேனா மேல எறும்பு ஏறிக்கிட்டிருந்துது. வேலையைக் கெடுத்துடப் போகுதேன்னு தட்டி விட்டேன்."

"நிஜ எறும்புன்னா நெனச்சீங்க, மாமா?"

"பின்னே?"

திட்டத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. சமையலறைக்குள் போய், யாரும் பார்க்காமல் குதித்தேன். நிஜ எறும்பாம்!

மார்ச் 16
தீற்றலைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி வரைந்தேன். மீசையும் வைத்தேன்.

மார்ச் 22
கடைக்காரர் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரே கேள்வி:

"உங்க பேர் எங்க?"

செய்தவர் பேரைத் தங்கத்தில் போடாத பேனா அந்தப் பெட்டிக்குள் போகாதாம். போட்டுக் கொண்டு வரச் சொன்னார். நடுத்தட்டில் இடம் ஒதுக்கிவிட்டாராம்! என் பேர்! பல் செட்டில் எவன் பேர் போட்டிருக்கிறான்?

மார்ச் 23
பேரை எழுதித் தங்கம் தூவி அலமாரியில் வைத்தேன். மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அலமாரிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். எட்டிப் பார்க்க வந்த தன் மகனைக்கூட, காய்ந்த பிறகு வா என்று விரட்டிவிட்டார்.